ஆதார் நகல் கொடுப்பதற்கு முன்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் குறிப்புகள்

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், கிரயப் பத்திரம், பாஸ்போர்ட் என்று சுற்று வட்டாரத்துக் காகிதங்களில் பாதி என் மிஷினின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்தவை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ரகசியம் என்று நீங்கள் பொத்தி வைத்திருக்கும் விவரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஊருக்குத் தெரியும்.

செட்டிநாட்டில் இது இன்னும் அதிகம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பெயருக்கு முன்னால் நிற்கும் விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்தே எந்த ஊர், எந்த வீடு, ஐயா யார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். பெண், மாப்பிள்ளை பார்க்கச் சுற்றுக்கு விடும் ஜாதகத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, நேரம், குலத்தைக் காட்டும் கோவில், பிரிவு, அப்பச்சி (அப்பா) பெயர், ஆத்தா (அம்மா) பிறந்த ஊர், படிப்பு, வேலை பார்க்கும் இடம், கைப்பேசி எண், சிரித்த முகத்துடன் ஒரு புகைப்படம். எல்லாம் ஒரே பக்கத்தில். நானே எத்தனையோ தாள்களை லேமினேட் செய்து கொடுத்திருக்கிறேன். மற்ற வீடுகளும் சளைத்தவை அல்ல. காதணி விழா பிளெக்ஸ் பேனரில் தாய்மாமன் முதல் ஒன்றுவிட்ட சித்தப்பா வரை படத்தோடு நிற்கிறார்கள்.

ஆகவே 'யாரிடமும் உங்கள் விவரத்தைச் சொல்லாதீர்கள்' என்ற அறிவுரையோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. விவரங்கள் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொள்வோம். அவை அத்தனையும் தெரிந்த ஒருவன், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் பணம் எடுக்கவோ, கடன் வாங்கவோ, சிம் வாங்கவோ முடியாதபடி செய்ய வேண்டும். கீழே சொல்லும் எல்லாம் அதற்குத்தான்.

முதல் வேலை சிறியது. கணக்கை மீட்கச் சில தளங்கள் கேள்வி கேட்கும்: தாயார் பிறந்த ஊர் எது, முதலில் படித்த பள்ளி எது என்று. தாயார் பிறந்த ஊரைச் சொல்ல இங்கே ஒரு கல்யாணத் தரகர் போதும். அங்கே உண்மையான பதிலைத் தராதீர்கள். தேவகோட்டை என்றால் டிம்பக்டூ என்று எழுதுங்கள். எழுதியதைக் குறித்து வையுங்கள். கடவுச்சொல்லாகப் பேரன் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டவே வேண்டாம். மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று வேறு வேறாக வையுங்கள். நினைவில் நிற்காது என்பவர்கள் ஒரு நோட்டில் எழுதி, வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கணினி படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருப்பதைவிட இந்த நோட்டு எவ்வளவோ மேல். எங்கோ ஊர் பேர் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் இரும்புப் பெட்டியைத் திறக்க முடியாது.

ஆதார்

முழு எண் தெரியும் ஆதார் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. மைஆதார் தளத்தில் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து உள்ளே போனால், தரவிறக்கம் செய்யும் இடத்தில் 'மாஸ்க்டு ஆதார்' வேண்டுமா என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் அட்டை கிடைக்கும். தங்கும் விடுதி, கல்யாண மண்டபம், வாடகை வீடு போன்ற இடங்களுக்கு முதலில் அதை நீட்டுங்கள். முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடத்தில், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் தேதி, யாருக்கு, எதற்காக என்று பேனாவால் எழுதுங்கள். எழுத்து புகைப்படத்தின் ஓரத்தையும் எண்ணையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். வெள்ளை இடத்தில் ஒதுங்கி எழுதினால் அந்தப் பகுதியை மறைத்து இன்னொரு நகல் எடுத்துவிடலாம். எனக்கு இது தெரியாதா என்ன, தொழிலே அதுதானே.

தரவிறக்கிய ஆதார் பிடிஎஃப் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். 'பூட்டியிருக்கிறதே' என்ற தைரியத்தில் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். இரண்டும் ஜாதகத் தாளில் இருக்கின்றன.

அடுத்தது விரல்ரேகை. சிற்றூர்களில் வங்கி முகவர் ஒரு சிறிய கருவியோடு வந்து, ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் கேட்டு, விரலை வைக்கச் சொல்லிப் பணம் தருவாரே, அதில் ஓடிபி கிடையாது, ரகசிய எண்ணும் கிடையாது. விரல்தான் எல்லாம். பத்திரப் பதிவு ஆவணங்களில் பதிந்த ரேகையை எடுத்துச் செயற்கை அச்சு வார்த்து, இந்த முறையில் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த கும்பல்களை ஹரியானாவிலும் தெலங்கானாவிலும் போலீசார் பிடித்திருக்கிறார்கள்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், காகிதம் இவ்வளவு தாராளமாகச் சுற்றும் ஊர் வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு பெரிய வீட்டுக்கு இருபது பங்காளிகள். ஒருவர் கானாடுகாத்தானில், ஒருவர் சென்னையில், மூவர் சிங்கப்பூரில். பாகப்பிரிவினை, பவர் பத்திரம், விற்பனைப் பேச்சு என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பத்திரம் முழுவதையும் ஸ்கேன் செய்து, கடைசியில் எல்லோருடைய ஆதார் நகலையும் சேர்த்து, ஒரே கோப்பாகக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து தரகரிடம், தரகரிடமிருந்து வாங்க வருகிறவரிடம், அவருடைய தரகரிடம். ரேகை பதிந்த பக்கமும் ஆதார் எண்ணும் ஒரே கோப்பில்! வீட்டைப் பார்க்க வருகிறவருக்கு வில்லங்கச் சான்றும் சொத்து விவரப் பக்கமும் போதும். ரேகையும் அடையாள அட்டையும் உள்ள பக்கங்களை விலை படிந்து, வக்கீல் கேட்கும்போது கொடுத்தால் போதும். என்னிடம் ஸ்கேன் செய்ய வருகிறவர்களுக்கு இரண்டு கோப்பாகவே பிரித்துத் தருகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

இதற்கு முழுப் பாதுகாப்பு, ரேகையையே பூட்டிவிடுவது. மைஆதார் தளத்திலோ ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக் லாக் என்று இருக்கிறது. ஓடிபி கொடுத்தால் விரல், கருவிழி, முகம் மூன்றும் பூட்டப்படும். ஓடிபி மூலம் நடக்கும் வேலைகள் வழக்கம்போல நடக்கும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ரேஷன் கடையில் விரல் வைக்கும்போதும், ஓய்வூதியக்காரர்கள் டிஜிட்டல் வாழ்நாள் சான்று கொடுக்கும்போதும் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். கைப்பேசியைப் பேத்தியிடம் விட்டுவிட்டு ரேஷன் கடை வரிசையில் நின்றால் அரிசி வராது, வசவு வரும். ஆதாரோடு கைப்பேசி எண் இணைக்காதவர்கள் முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய் இணைக்க வேண்டும். அதே தளத்தில் உங்கள் ஆதார் எப்போது, எந்த வகையில் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் கிடைக்கும். நீங்கள் விரல் வைக்காத நாளில் விரல் வைத்ததாக இருந்தால் ஆதார் உதவி எண்ணான 1947இல் கேளுங்கள். வங்கிக் கணக்கையும் அன்றே பாருங்கள்.

என்னைப் போன்ற கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசலைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அநேகம். வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், வேலை முடிந்ததும் கடைக்காரரை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்க வேண்டும். கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். தெரிந்தவர் என்று யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

கைப்பேசி எண்

வங்கியும் ஆதாரும் மின்னஞ்சலும் கடைசியில் நம்புவது ஓடிபி வந்து சேரும் அந்த ஒரு எண்ணைத்தான். அது கை மாறினால் மேலே செய்த பூட்டெல்லாம் வீண்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் 'என்னுடையது அல்ல' என்று அங்கேயே தெரிவிக்கலாம். அந்த எண்ணில் நடக்கும் மோசடிக்குப் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் சிக்னல் இருக்க, உங்கள் கைப்பேசியில் மட்டும் திடீரென்று சிக்னல் போய் நெடுநேரம் வரவில்லை என்றால் டவர் பழுது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். இன்னொருவர் கைப்பேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்; வங்கிக்கும் சொல்லுங்கள். கூரியர்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நட்சத்திரக் குறியோடு 21, 401 என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. செய்துவிட்டிருந்தால் ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே வங்கிக் கணக்கும் பங்குகள் வைக்கும் டீமேட் கணக்கும் பழைய இந்திய எண்ணோடு இணைந்திருக்கும். போனபின் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவீர்கள். செயலிழந்த எண்ணைக் குறைந்தது 90 நாள்களுக்குப் பிறகு நிறுவனம் வேறொருவருக்கு விற்கலாம். வாங்கியவர் நல்லவராக இருந்தால் உங்கள் வங்கிச் செய்திகளைப் பார்த்துக் குழம்புவார். அதற்கு முன் வங்கியில் எண்ணை மாற்றுங்கள், அல்லது அந்தச் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஊரில் தனியாக இருக்கும் ஆத்தாவின் வங்கிக் கணக்குக்கு உங்கள் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பதும் நல்லதல்ல. பணம் எடுக்கப்பட்டதாக வரும் குறுஞ்செய்தி அவருடைய கையில் இருக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை

முகூர்த்த மாதங்களில் என் கடைக்கு அதிகம் வரும் கவலை இதுதான். தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் 'எங்கள் இல்லத் திருமணத்துக்கு அவசியம் வரவும்' என்று ஒரு செய்தி; கூடவே ஒரு கோப்பு. உறவுமுறை பெரிதான ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்று திறந்து பார்க்காமல் இருக்க முடியுமா? கோப்பின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்திருந்தால் அது பத்திரிகை அல்ல, கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபிகள் அனுப்பிய திருடனுக்கும் போய்ச் சேரும். யாரும் உங்களை அழைத்து எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போக்குவரத்து அபராதம், மின் கட்டண நிலுவை, வங்கி கேஒய்சி (வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு) என்ற பெயர்களிலும் இதே கோப்பு வருகிறது.

உண்மையான பத்திரிகை படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ, வீடியோவாகவோ வரும். அதோடு, நம் பக்கத்தில் வேண்டியவர்கள் தட்டோடு வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். அல்லது தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அனுப்புவார்கள். அழைக்காத கல்யாணத்தின் கோப்பைத் திறக்காதீர்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில், தெரியாத மூலங்களிலிருந்து செயலி நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

திறந்து நிறுவிவிட்டீர்களா? உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்கி, படங்களைச் சேமித்துக்கொண்டு, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள் (ஃபேக்டரி ரீசெட்). கடவுச்சொற்களை இன்னொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு வேலை. அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க ரகசிய எண் வையுங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். பேரன் படத்தை வைத்து, 'ஆயா, இது என் புது நம்பர், அவசரமாகப் பணம் வேண்டும்' என்று வந்தால் பழைய எண்ணில் கூப்பிட்டுப் பேசுங்கள். குரலையே போலி செய்கிறார்கள் என்பதால், வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோவில், பிரிவு, விலாசம் எதுவும் உதவாது. நேற்று ராத்திரி என்ன பலகாரம் என்று கேட்கலாம்.

வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறவனிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், வைத்துவிடுங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை. யுபிஐயில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வாங்க ரகசிய எண் போடச் சொன்னால் அது உங்கள் பணம் போகும் வழி.

உங்கள் பெயரில் கடன் இருக்கிறதா?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், மகளின் கல்லூரிக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க என்னிடம் வந்தார். வங்கி மறுத்துவிட்டது. கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் ஒரு கைப்பேசிச் செயலி நிறுவனத்தில் அவர் பெயரில் கடன், பல மாதத் தவணை பாக்கி. அவருடைய கையில் இருந்ததோ பொத்தான் போன். பான் எண்ணை எங்கே கொடுத்தார், யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தரும் நிறுவனத்துக்கும் எழுதி, புகார் நகல் இணைத்து, அந்தப் பதிவை நீக்க நெடுநாள் அலைந்தோம்.

இதைத் தடுக்க ஒரே வழி, அவ்வப்போது நாமே பார்ப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் கடன் அறிக்கை தருகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாக ஆகும், காசும் செலவில்லை. அறிக்கையில் கடன் பட்டியலோடு 'விசாரணைகள்' என்ற பகுதியையும் பாருங்கள். நீங்கள் கேட்காத நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்திருந்தால் யாரோ முயன்று பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். தவறான பதிவைக் குறித்து முறையிட்டால் 30 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். வருமானவரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் ஒருமுறை திறந்து, உங்களுக்குச் சம்பந்தமில்லாத வரவு செலவு உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டு, பேரேட்டில் பதிந்து, ஐந்தொகை போட்டுப் பார்த்த ஊர் இது. அந்தக் கணக்கப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்து மாதக்கணக்கில் ஆகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930. எந்த நேரமும் அழைக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்குவதற்காகவே அந்த எண். ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தால் பலன் அதிகம். அடுத்து வங்கி, புகார் எண் வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். நேரில் போக வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்டத்தாருக்கு மாவட்ட சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. திருமயம் பக்கத்து ஊர்க்காரர்கள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். பிறர் கடவுச்சொல், மின் கையொப்பம் போன்ற அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதியும் உங்களுக்கு உதவும். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நட்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு நாள் ஆனால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில் விழும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் தெரிவிக்கும் வரை போனது உங்களுடையது, தெரிவித்த பின் போவது வங்கியுடையது. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு மகனுக்குத் தெரியாமல் மறைப்பதில் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். 'ஊரில் சிரிப்பார்கள், ஆத்தா' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன ஆச்சிகள் உண்டு. அவர்களை உட்கார வைத்து முதலில் 1930ஐ அழைத்துக் கொடுத்தேன், மற்றதைப் பிறகு பேசிக்கொண்டோம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

புகாருக்கு வரும்போது என்ன எடுத்து வர வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பணம் போன குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண், வங்கிப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கம், அழைத்தவனின் எண், வாட்ஸ்அப் உரையாடல், 1930இல் தந்த புகார் எண். உரையாடலை அழிக்காதீர்கள்; அவமானம் என்று முதலில் அதைத்தான் அழிக்கிறார்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகாருக்கு வருகிறவர்களிடம் நகலுக்கு நான் காசு வாங்குவதில்லை.